ஸ்நேகாவுக்கு வயோலா வாத்தியார் பிடித்த வகை

அன்புள்ள லோகநாயகி அக்காவுக்கு, சேலையூரிலிருந்து தம்பி ஷ்யாம்சுந்தர் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான், சந்திரிகா, மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாரும் சுகம். மாமாவின் முழங்கால் சுகத்துக்கு எழுதவும். வாட்ஸப்பில் போட்டால் நீ படிக்காமலே கும்பிடு போடுகிறாய், அதனால்தான் தபால்.

நிற்க. "வயோலா வாத்தியார் கிடைச்சா தாம்பரம் காலேஜ், மாமா வீட்டுலயே தங்கறேன், இல்லேன்னா பெங்களூர் ஹாஸ்டல்" என்று உன் மகள் ஸ்நேகா சொல்லிவிட்டாள், பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று நீ போனில் அழுதாயே, அந்த நிமிஷமே வண்டியை எடுத்துவிட்டேன். கேம்ப் ரோட்டில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது, எனக்காக சிக்னலே பச்சையாகும். ஆனால் வயோலா என்றால் என்னவென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும், வெளியே சொல்லவில்லை. முதலில் ஒரு மாடி ம்யூசிக் கிளாஸ். எல்லா வாத்தியமும் உண்டென்று போர்டு. கேட்டதும் டீச்சரம்மா கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கி, "இதான் சார் வயோலா" என்றார். "பட்டன் அமுக்க எங்க ஸ்நேகா எதுக்கும்மா, லிஃப்ட்காரர் போதுமே" என்றேன். கிளாஸே கைதட்டியது.

அடுத்து வயலின் தோத்தாத்ரி சார். "அது வயலினுக்கு அண்ணா, குரல் கொஞ்சம் தடிச்சிருக்கும், என்கிட்ட கிடையாது. செம்பாக்கத்துல அசரியான்னு ஒருத்தர், சர்ச்சுல வாசிக்கறார். எந்த வயசானாலும், ஒண்ணுமே தெரியாட்டாலும் எடுத்துப்பார்" என்றார். அண்ணனுக்கு ஏன் குரல் தடித்தது, ரெண்டும் ஒரே மரமா, சண்டை வந்தால் எது ஜெயிக்கும் என்று நான் கேட்கக் கேட்க, மனுஷன் சந்தியாவந்தனத்துக்கு எழுந்து போய்விட்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு!

ஏரிப் பக்கம் அசரியா சார் வீடு. வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டை நீட்டினேன். "எங்க வூட்ல யாரும் வெத்தல போடறதில்லீங்களே" என்று பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "ஸ்டூடண்ட் யாரு?" என்றார். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வராவிட்டால் தாய்மாமன் உட்கார்வதில்லையா? "நானே வந்தாச்சு" என்று உட்கார்ந்துவிட்டேன். உடனே டேப்பை எடுத்துக் கழுத்திலிருந்து உள்ளங்கை வரை என் கையை அளந்தார். வயோலா எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாதாம் அக்கா, கைநீளம் பார்த்துத்தானாம்! "அப்ப பேன்ட் மாதிரியா சார்?" "சட்டை மாதிரின்னு வெச்சுக்கங்க" என்று சொல்லி, தாடைக்கடியில் ஒன்றைச் செருகி, வில்லைக் கொடுத்து, "இழுங்க" என்றார்.

இழுத்தேன். சத்தம் காது வழியாக வரவில்லை, தாடை எலும்பு வழியாக நெஞ்சுக்குள் இறங்கியது. ஏன் அப்படி என்று இன்னும் யோசிக்கிறேன். அவர் வீட்டு நாய் மரியாதையாக எழுந்து வெளியே போனது. "முன்னாடி ஏதாச்சும் வாசிச்சிருக்கீங்களா?" என்றார். "ரத்தத்திலேயே ஓடுது" என்றேன். "சனிக்கிழமை சாயங்காலம் ஒரே இடம்தான் காலி, உங்களுக்கே வெச்சுடறேன்" என்றார். காரியம் முடிந்தது. பெங்களூருக்கு வரமாட்டோம் என்று இன்றே சொல்லிவிடு, ஸ்நேகாவைப் பெட்டி கட்டச் சொல்.

மாமாவுக்கு நமஸ்காரம். மருமகள் மேடையேற என் மனமார்ந்த ஆசீர்வாதம்.

உன் அருமைத் தம்பி,
ஷ்யாம்சுந்தர்

பி.கு.: கவரை ஒட்டுமுன் எழுதுகிறேன். ஸ்நேகா வரும்வரை இடம் கைவிட்டுப் போகக்கூடாதென்று இன்று சனிக்கிழமை, முதல் கிளாஸுக்கு நானே போனேன். அந்த இடம் என் பேருக்குத்தானாம், வயோலாவும் என் கைக்குத்தானாம். மருமகளுக்கு எப்போது இடம் என்று கேட்டேன். "நீங்க நிறுத்தற அன்னிக்கு" என்றார். அக்கா, பெங்களூர் ஹாஸ்டலில் விசாரித்துவிட்டேன். சாப்பாடு ரொம்ப நன்றாக இருக்குமாம்.