மூன்றாவது வகை வரப்போகிறது

வெளிவராத பொருளைப் பற்றி வெளிவராத செய்தி சொல்வதற்கென்றே பிறந்த ஓர் இனம் உலகத்தில் உண்டு. உள்தகவல்காரர் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம். எதற்கு உள்ளே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள்.

ஒசாகாவில் தண்ணீர்க் குழாய் விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் நிஷிவாகி இந்த இனத்தில் கலப்படமில்லாதவர். மதியச் சாப்பாட்டில் உடோன் நூடுல்ஸ் கிண்ணத்தை நகர்த்தி வைத்து, பல்குச்சியை எடுத்து, ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, குரலைத் தாழ்த்துவார். அடுத்த மேசைக்குக் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்துவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சக ஊழியன் கொதெரா முந்திக்கொண்டான்.

"புது வீடியோ கேம் பெட்டி ரெண்டு வகையா வருதாமே, நிஷிவாகி-சான்? டிஸ்க் போடுறது ஒண்ணு, போடாதது ஒண்ணு."

தனக்கு முன்னால் இன்னொருவனுக்குத் தெரிவதா? இதைவிட அவமானம் உண்டா?

"ரெண்டா? மூணு. மூணாவதுல சத்தமே வராது, வேகம் ரெண்டு மடங்கு. இப்ப வாங்குறவன் ஏமாளி."

"யார் சொன்னது?"

"பேரைச் சொன்னா அவர் பொழப்பு போயிடும்பா."

போகாது. அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

ஆனால் மனிதருக்கு அந்தப் பெட்டி மேல் உயிர். போன தடவை வந்த பெட்டியை யாருக்கு விற்பது என்று கடைகள் நடத்திய குலுக்கலில் ஒன்பது முறை தோற்றவர். வியாழக்கிழமை நிப்பொன்பாஷி கடைத்தெருவில் அவர் பெயர் கொடுத்திருந்த கடையிலிருந்து செய்தி வந்தது: புதுப் பெட்டிக் குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது, ஞாயிறு மாலை ஏழு மணிக்குள் வந்து உறுதி செய்யவும், தவறினால் காத்திருப்போரில் அடுத்தவருக்கு. ரயிலில் நின்றபடியே அழுதுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று வழியில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்து, போகிற காரியத்தையும் சொன்னார். அங்கேதான் வந்தது வினை.

"பெட்டிக்கா போறீங்க? அவசரப்படாதீங்க," என்றார் முடிவெட்டுபவர். "மூணாவது வகை வருது. கருப்பு நிறம். முன்னாடி சின்னதா நீல விளக்கு."

"யாருங்க சொன்னாங்க?"

"ஏதோ குழாய்க் கம்பெனியில ஒரு பெரிய புள்ளியாம். உள்ளேயே ஆள் வெச்சிருக்காராம்."

நிஷிவாகி நாற்காலியில் நிமிர்ந்தார். நம் கம்பெனியிலா? அப்படி யார்? மேலாளராகத்தான் இருக்கவேண்டும்! தான் சொன்னது வாய்க்கு வந்தது. இதில் நிறம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது. வாய்க்கு வந்ததற்கெல்லாம் விளக்கு எரியுமா?

புது முடிவெட்டோடு வீட்டுக்குத் திரும்பினார். கடிகாரம் ஏழைத் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கொதெரா துள்ளிக்கொண்டு வந்தான்.

"பெட்டி எனக்குக் கெடச்சிருச்சு! வாங்குறவன் ஏமாளின்னு நீங்க சொன்னதும் நெறையப் பேர் வெலகிட்டாங்க. நிப்பொன்பாஷி கடையில காத்திருக்கிற பட்டியல்ல முதல் ஆளா நின்னேன். நேத்து எந்தப் புண்ணியவானோ வரலை!"

நிஷிவாகி கிண்ணத்தை நகர்த்தினார். பல்குச்சியை எடுத்தார்.

"அவசரப்பட்டுட்டியேப்பா," என்றார். குரல் இந்த முறை உண்மையாகவே தாழ்ந்திருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாளைக்கு இந்தக் கதையை யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். நீல விளக்கைப் பச்சையாக்கி, அந்த முடிவெட்டுபவரை உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவராக்கி, நடுவில் நாலாவது வகை ஒன்றையும் சேர்த்துத்தான் சொல்வீர்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பெயரைச் சொன்னால் அவர் பிழைப்பு போய்விடும்.