வாய் ஓயாத வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வாண்டு தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. போன் பண்ணலாமே என்பாய். பண்ணினால் நீதான் பேசுவாய். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார், வாண்டு சௌக்கியம். அங்கே நீ, அத்தான், பையன்கள் மூவரும் நலமாகவும் சத்தமாகவும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் தங்கை மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. காது டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, குறை ஒன்றுமில்லை. அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஓடி வருகிறாள். எது வேண்டுமோ அதற்கு நேரே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துகிறாள். எங்கள் மானேஜர்கூட இவ்வளவு தெளிவாக வேலை வாங்கியதில்லை. ஆனால் பாலர் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு இது போதவில்லை. "தண்ணி வேணும்னா வாயால கேக்கணும்மா. இத்தனை பிள்ளைங்கள்ல யார் யாரை இழுக்குதுன்னு நான் எங்க போய்ப் பார்ப்பேன்?" என்கிறார். திங்கட்கிழமை மறுபடி கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் வாயால் கேட்கவில்லையென்றால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

ஸ்பீச் தெரபி டீச்சர் நல்ல மனுஷி. "செய்யற வேலையையெல்லாம் சின்னச் சின்னதா சொல்லிக்கிட்டே செய்யுங்க. சொல்லிட்டு நிறுத்துங்க. அவ முகத்தைப் பார்த்துக் காத்திருங்க" என்றார். முதல் பாதியை நான் எடுத்துக்கொண்டேன், இரண்டாம் பாதியை இவர் எடுத்துக்கொண்டார். காத்திருப்பது இவருக்குப் பிறவியிலேயே வந்தது, நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். நான் விடிந்ததிலிருந்து அம்மா கதவைத் திறக்கிறேன், அம்மா பாலைக் காய்ச்சுகிறேன், ஐயோ பால் பொங்கிடுச்சு என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறேன். அது ஊறிப்போய், ஆபீஸ் லிப்டில் முன்பின் தெரியாத ஆறு பேர் நடுவில் "மேல போறோம், மேல, மேல!" என்று கத்திவிட்டேன். மானேஜர் பைலை நீட்டினார். "அம்மா கையெழுத்துப் போடறேன்" என்றேன். "போடுங்கம்மா" என்றார், பாவம். இவரையும் விடவில்லை, நச்சரித்துப் பேசவைத்தேன். குளியலறையிலிருந்து, "அப்பா சோப்பு போடறேன். சோப்பு வழுக்குது. சோப்பு விழுந்துடுச்சு. அப்பா தேடறேன்" என்று ஒரே குரல். பகலில் வாண்டைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மா என்னைத் தனியாக அழைத்து, "தம்பிக்கு ஆபீஸ்ல ஏதும் பிரச்சனையாம்மா?" என்று கேட்டார். வாண்டு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்க் குவளையைத் தூக்கிப் பிடித்து, தண்ணி, தண்ணி, ஜில்லுனு தண்ணி என்று நான் தொண்டை கிழியச் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தானே குடித்துவிட்டாள்.

ராத்திரி சண்டை வந்தேவிட்டது. "கொஞ்சம் மூச்சு விடேன். அவ நடுவுல நுழைய இடம் வேணாமா?" என்றார் இவர். "நீங்க வாயத் திறந்திருந்தா நான் ஏன் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசறேன்?" என்றேன். அதற்குத்தான் சுவரைப் பார்த்த படுக்கை.

அக்கா, எனக்கு முடியவில்லை. நான் ஒருத்தி பேசிப் பத்தவில்லை. உன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், கேட்க ஆளே இல்லாமல் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுவீர்கள். எல்லோரும் உடனே கிளம்பி வாருங்கள். திங்கட்கிழமை வரை அவளைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருங்கள். அத்தானை அந்த அரசியல் பேச்சையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்.

அத்தானுக்கு வணக்கம். பையன்களுக்கு முத்தம். உனக்கு என் தலைவலி நீங்கலாக எல்லா அன்பும்.

உன் தங்கை

பி.கு.: எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துவிடாதே. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். வாண்டு எழுந்து வந்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. மடியில் ஏறி, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தி, "போம்" என்றாள். நான் அசையவில்லை. என் கண்ணைப் பார்த்து இன்னொரு தரம், நிதானமாக, "போம்." போதும் என்கிறாள், அக்கா. வாயைப் பொத்தியிருந்ததால்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இரண்டாம் தரமும் கேட்கக் கிடைத்தது. இவர் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

தண்ணீருக்கு இன்னும் வார்த்தை வரவில்லை. தலைமை ஆசிரியையின் வாயையும் பொத்திவிடுவாளோ என்பதுதான் இப்போது பயம். திங்கட்கிழமை என்னோடு பள்ளிக்கு வர முடியுமென்றால் வா, நீ மட்டும், பேசாமல். சீக்கிரம் பதில் எழுது.