கப்பலில் ஊதிய ஆனைச் சங்கு

முடிச்சு அவிழவே இல்லை.

கொச்சியில் கப்பலேறும் படிக்கட்டில் போட்ட முடிச்சு அது. தன் இடுப்பையும் மூன்று வயது மகள் வினோவின் இடுப்பையும் ஒரு பழைய சுங்கடிச் சேலையால் சேர்த்துக் கட்டியிருந்தான் ராக்கப்பன். பிள்ளை கடலில் விழுந்துவிடக் கூடாதே என்று இழுத்து இழுத்து இறுக்கியிருந்தான். இப்போது அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

“கத்திரிக்கோல் இருக்கா, செல்வி?”

“கப்பல்ல விடமாட்டாகன்னு நீங்கதான எடுத்து வெளிய போட்டீக?” என்றாள் அவன் மனைவி செல்வலட்சுமி.

“அப்பா, வந்துரும்” என்றாள் வினோ.

வேறு வழியில்லை. அப்பனும் மகளும் ஒன்றாகவே குளியலறைக்குள் போனார்கள். பீரோ அளவுக்குத்தான் இருந்தது அந்த அறை. ராக்கப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

இந்தப் பயணம் செல்வலட்சுமிக்குக் கிடைத்த பரிசு. சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் பன்னிரண்டு வருஷமாக அறை சுத்தம் செய்கிறாள். இந்த வருஷம் சிறந்த ஊழியர் என்று கை தட்டி, குடும்பத்தோடு மூன்று நாள் கப்பலில் போய் வரச் சொல்லி சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ராக்கப்பனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவன் கோழை என்று நினைத்துவிட வேண்டாம். சூரியநெல்லித் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிறவன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசைக்கு, ஆனை எச்சரிக்கை வாட்ஸ்அப் குழுவின் அட்மின். பத்தடி தூரத்தில் ஆனை நிற்கும்போது கை நடுங்காமல் மெசேஜ் போட்டவன். ஆனைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு முறை தெரியும். தண்ணீருக்கு முறை தெரியாது, பயம் மட்டும்தான் தெரியும்.

அறைக்கு வந்ததும் அவன் செய்த முதல் வேலை, ஜன்னல் திரையை இழுத்து மூடியது. கடலைப் பார்த்தால் தலை சுற்றும் என்றான். அறைகளைக் கவனித்துக்கொள்ளும் ரிஜின் என்கிற மலையாளிப் பையன் வந்து, சிரித்த முகத்தோடு ஐந்து நிமிஷம் ஏதோ விளக்கிச் சொன்னான். அதில் ‘கடல்’ என்ற சொல் வந்த உடனே ராக்கப்பனுக்குக் காது அடைத்துவிட்டது. செல்வலட்சுமியோ கட்டில்மேல் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்ததைப் பார்த்து, கழுத்துக்கு எத்தனை மடிப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு வயது டின்டு கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தான். ஆக, ரிஜின் சொன்னதை அந்த அறையில் கேட்டது ரிஜின் ஒருவன்தான்.

வினோ வேலையை முடித்து வெளியே வருவதற்கும் சங்கு ஊதுவதற்கும் சரியாக இருந்தது.

விட்டுவிட்டு ஏழு தடவை. பிறகு நீளமாக ஒரு தடவை.

எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைக்கு இதற்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டாம். ஃபாக்டரிச் சங்கு நீளமாக ஊதினால் வேலை. விட்டுவிட்டு ஊதினால் லயத்துக்குள் ஆனை. டின்டு யாரும் சொல்வதற்கு முன்னாலேயே கட்டிலுக்கு அடியில் பாய்ந்தான். கப்பல் கட்டிலுக்கு அடியில் இடமே இல்லை, தரைவரைக்கும் பலகை. நெற்றியில் ணங்கென்று இடித்துக்கொண்டு, அப்போதும் சத்தம் போடாமல் வாயைப் பொத்திக்கொண்டான். அவ்வளவு நல்ல பழக்கம்.

ராக்கப்பன் கதவைத் தாழிட்டான். சுவரில் செருகியிருந்த அட்டையைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது, ஏசியும் நின்றது.

“ஏங்க, கடல்ல எப்படிங்க ஆனை வரும்?” என்று கிசுகிசுத்தாள் செல்வலட்சுமி.

“ஆனைன்னு நான் சொன்னனா? என்னமோ வந்திருக்கு. எது வந்தா என்ன, முறை ஒண்ணுதான். மூச்சு விடாத.”

வெளியே நடைபாதையில் தடதடவென்று காலடிச் சத்தம். பத்துப் பேர், ஐம்பது பேர், அதற்கும் மேலே.

“எல்லாரும் எங்கிட்டோ போறாக. நாமளும் போயிருவமா?”

“ஓடுறவன்தான் மாட்டுவான். நம்ம லயத்துல ஓடுனவன் எவன் தப்பிச்சிருக்கான், சொல்லு.”

 ஐந்து நிமிஷத்தில் காலடிச் சத்தம் அடியோடு நின்றுபோனது. அந்த அமைதிதான் ராக்கப்பனை ஆட்டிவைத்தது. அத்தனை பேரையும் ஒரே வாயில் விழுங்கியது எது?

“கப்பல் கொள்ளைக்காரன்னு ஒரு கூட்டம் இருக்காம். ரிசார்ட்டுல கெஸ்டுக பேசிக்கிட்டாக” என்றாள் செல்வலட்சுமி. சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது அவளுக்கு.

இருட்டில் வினோ உதட்டைப் பிதுக்கினாள். அழப்போகிறாள். ராக்கப்பன் பையைத் துழாவி, மறையூர் உருண்டை வெல்லத்தை எடுத்து அவள் வாயில் ஒன்று, டின்டு வாயில் ஒன்று என்று அடைத்தான். அழுகை நின்றது. ஆனால் வெல்லம் உள்ளே போனால் டின்டுவின் கால் தரையில் நிற்காது என்பது பெற்றவனுக்கு அப்போது மறந்துபோனது. பையன் இருட்டிலேயே அலமாரியைக் குடைந்து, மஞ்சளும் சிவப்புமாக நாலு மிதவைச் சட்டைகளை இழுத்துப் போட்டான்.

“நல்லதாப் போச்சு. போடு, போடு. புள்ளைகளுக்கு முதல்ல போடு.”

போட்டார்கள். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு விசில் தொங்கியது. அது தொங்குவது டின்டுவின் கைக்குத் தெரிந்த மறுகணமே அவன் வாய்க்கும் தெரிந்துவிட்டது.

பீ... ப்!

 ராக்கப்பன் பாய்ந்து விசிலைப் பிடுங்கினான். பாய்ந்த வேகத்தில் சேலை முடிச்சோடு வினோவும் கூடவே வந்து அவன் முதுகில் மோதினாள். பிள்ளையின் கையெல்லாம் வெல்லப் பிசுக்கு. சட்டையில் ஒட்டுகிறதே என்று செல்வலட்சுமி அவளைக் குளியலறைக் குழாயடியில் நிறுத்தினாள். சேலை வழியாகப் புருஷனும் பின்னாலேயே போனான். தண்ணீர் தெறித்தது. வினோவின் மிதவைச் சட்டைத் தோளில் பொருத்தியிருந்த சின்ன விளக்கு, தண்ணீர் பட்டதும் பளிச் பளிச் என்று மின்ன ஆரம்பித்தது.

“அணைங்க!”

“சுவிட்ச் எங்கடி இருக்கு?”

சுவிட்ச் இல்லை. கடலில் விழுந்தவனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே செய்த விளக்கு, தேடக் கூடாது என்று ஒளிந்திருப்பவன் சொன்னால் அணையுமா? துண்டைச் சுற்றினான், துண்டுக்குள் மின்னியது. கடைசியில் சட்டையைக் கழற்றிக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அப்போதும் அடியிலிருந்து வெளிச்சம் வந்து வந்து போனது.

அந்த நேரத்தில்தான் நடைபாதை ஸ்பீக்கர் கரகரத்தது. என்ன மொழியோ, என்ன சேதியோ. ஆனால் நடுவில் நாலு பெயர் தெளிவாகக் கேட்டது. ராக்கப்பன். செல்வலட்சுமி. பிறகு இரண்டு பிள்ளைகளின் பெயர்.

“ஏங்க, நம்ம பேரு எப்படிங்க அவங்களுக்குத் தெரியும்?”

“ஏறும்போது ஆதாரை வாங்கி எழுதிக்கிட்டாகள்ல? அந்த லிஸ்ட்டு அவங்க கையில சிக்கிருச்சு.” அவனுடைய குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

அறை வெந்தது. வியர்வை கண்ணில் வழிந்தது. டின்டு அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, நாம செத்துப் போவமா?” என்று மெதுவாகக் கேட்டான். ராக்கப்பனுக்கு நெஞ்சை யாரோ மிதித்த மாதிரி இருந்தது. தான் போனாலும் பரவாயில்லை, இந்த இரண்டையும் உயிரோடு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும் என்று சூரியநெல்லியில் இருக்கிற எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டான்.

“போமாட்டோம்லே. அப்பா இருக்கேன்ல.”

கதவு தட்டப்பட்டது. முதலில் மெதுவாக, பிறகு பலமாக. யாரும் அசையவில்லை. பூட்டில் ஏதோ கிளிக் என்றது.

முறையில் கடைசிப் படி ஒன்று உண்டு. ஒளிந்திருந்தும் பயனில்லை, கதவை உடைத்துக்கொண்டு தலையே உள்ளே வந்துவிட்டது என்றால், கையில் கிடைத்ததைத் தட்டி ஊரே அலறும்படி சத்தம் போட வேண்டும். ராக்கப்பன் பையிலிருந்து வட்டில்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். கப்பலில் சாப்பாடு தருவார்களோ என்னவோ என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்தவை.

கதவு திறந்தது.

“ஹோய்! ஹோ! போ! போ சாமி, போ! மலையேறிப் போ!”

நாலு வட்டில் ஒன்றாக முழங்கியது. முன்னால் நின்ற வெள்ளை உடுப்பு அதிகாரி, தொப்பி ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக மல்லாக்க விழுந்தார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பரிச்சயமான முகம் எட்டிப் பார்த்தது.

“அய்யோ அண்ணா, ஞானாணு! ரிஜினாணு!”

வட்டில்கள் நின்றன. வினோ மட்டும் இன்னும் இரண்டு தட்டு தட்டினாள். அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

ரிஜின் அறையைக் குறுக்காகக் கடந்து ஜன்னல் திரையை விலக்கினான். வெளியே கடல் இல்லை. துறைமுகச் சிமெண்டுத் தரை இருந்தது. அதில் ஒருவர் டீ குடித்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலைக் கட்டிய கயிறு கட்டியபடியே கிடந்தது.

“அண்ணா, அது ட்ரில். ஆபத்து வந்தா எங்க வந்து நிக்கணும்னு காட்டித்தர்றது. நாலு மணிக்கு சங்கு அடிக்கும், ஜாக்கெட் எடுத்துட்டு ஏழாம் மாடிக்கு வரணும்னு நான் பறஞ்சேனே! ரெண்டாயிரம் பேரு முக்கா மணி நேரமா வெயில்ல நிக்கறாங்க. நாலு பேரைக் காணலன்னா கப்பல் விடாது.”

நடைபாதையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். ராக்கப்பன் தன்னை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டான். இடுப்பில் சேலை, கையில் வட்டில், காலடியில் மின்னுகிற விளக்கு. மானம் கப்பலேறுவது என்பார்களே, இவனுடையது ஏற்கெனவே ஏறி நாலாம் மாடியில் நின்றுகொண்டிருந்தது.

ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. கரையில் கட்டிக் கிடக்கும்போதே இந்தப் பாடு. ஆபத்து வந்தால் என்று அவர்களே சங்கு ஊதிப் பழகுகிறார்கள் என்றால், ஆபத்து வரும் என்றுதானே அர்த்தம்?

“எறங்குவோம்” என்றான்.

“ஏங்க...”

“எறங்குவோம் செல்வி. பெட்டிய எடு.”

செல்வலட்சுமி நனைந்த துண்டுகளை எடுத்து உதறி, பழக்கதோஷத்தில் ஓரம் பிசகாமல் மடித்து வைத்தாள். கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

“பன்னெண்டு வருசம் அடுத்தவக ரூமையே கூட்டுனேன். மூணு நாளைக்கு எனக்குன்னு ஒரு ரூமு குடுத்தாக” என்றாள்.

 ஆனாலும் ராக்கப்பன் விடவில்லை. “புள்ளைக உசிரு பெருசா, ரூமு பெருசா?”

இந்தக் கேள்விக்கு எந்தத் தாய் பதில் சொல்வாள்? அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். டின்டு ஓவென்று அழுதான்.

கீழ்த்தளத்து வாசலில், தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்ட அதே அதிகாரி, இறங்குகிறார்கள் என்று கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் வழிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் ஏணிப்படியை எடுத்துவிடுவோம், இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்று ரிஜின் வாயிலாகச் சொன்னார். ரிஜின் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

ராக்கப்பன் ஏணிப்படியில் ஒரு காலை வைத்தான். கரையைப் பார்த்ததும் அவனுக்கு உயிரே திரும்பி வந்தது போல இருந்தது.

“வீட்டுக்குப் போயிட்டா என்ன பயம்? இந்நேரம் நாலு பேரும் உள்ள உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருந்திருப்போம். என்ன வந்தாலும் கதவைச் சாத்துனா முடிஞ்சது சோலி” என்றான். சமாதானம் பிள்ளைகளுக்கா, தனக்கா என்று தெரியாமல்தான் சொன்னான்.

செல்போன் அடித்தது. லயத்தில் பக்கத்து வீட்டு மாரப்பன். ராக்கப்பனுக்கு ஒரு கையில் பை, மறு கையில் வினோ. செல்வலட்சுமி அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

மாரப்பனுக்கு மூச்சு வாங்கியது. “அண்ணே, நீங்க கதவை நல்லா இறுக்கிப் பூட்டிட்டுத்தான் போயிருக்கீக, ஆனா ஆனை செவுத்தைத் தள்ளிட்டு உள்ள பூந்து, புள்ளைக படுக்குற கட்டில நொறுக்கி அதுமேலயே நிக்குதுண்ணே!”