நகர்மன்றத் தலைவருக்காக நான் ஜெபித்த விதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் அம்மா சுகம், நான் சுகம், நீரேற்று நிலையத்தின் இரண்டு பம்புகளில் ஒன்று சுகம், மற்றொன்றின் சுகம் இன்று மதியம் தெரியும். நீயும் அத்தானும் இதைவிட நல்ல விகிதத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். "ஆலயத்தில் வைத்து நகர்மன்றத் தலைவரை அவமானப்படுத்தினாயாமே, நம் வீட்டுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது" என்று எழுதியிருந்தாய். அம்மா உனக்குச் சொன்னதில் கிழமை சரி. மற்றதை வரிசையாக நான் சொல்கிறேன், நடுவில் குறுக்கிடாமல் படி.

முதலில் பம்ப். இரண்டாம் பம்பின் உறை விரிசல் விட்டு, பேரிங் இறுகி, மூன்று மாதமாக அது மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. மிச்சமிருந்த ஒன்று கீழ்த்தெருவுக்கே மூச்சு வாங்கியது. மேல்தெருவுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள்தான் தண்ணீர், அதுவும் விரல் தடிமனுக்கு. அந்த ஜனங்கள் வாளியோடு ஏற்றத்தில் ஏறுவது என் அலுவலக ஜன்னலிலிருந்து தெரியும். அவர்களும் ஏறிக்கொண்டே என்னைப் பார்ப்பார்கள், அந்தப் பார்வையை நான் இங்கே எழுத முடியாது, இது கிறிஸ்தவக் குடும்பத்துக் கடிதம். புது பம்ப் வாங்க நான் அனுப்பிய ஃபைலில் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் என்னை மன்றக் கூட்டத்துக்கு அழைத்து விளக்கச் சொன்னார். நான் இருபது நிமிடம் நின்று அழுத்தம், உயரம், குழாயின் விட்டம் எல்லாம் விளக்கினேன், ஒரு எண்கூடத் தப்பில்லை. எல்லாம் முடிந்தபின் மனுஷன் கேட்கிறார், "ஒரு பம்ப்தான் நல்லா இருக்கே தம்பி, அதையே ரெண்டு மடங்கு வேகமா ஓட்டினா என்ன?" எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "உங்க கார்ல ஒரு சக்கரத்தக் கழட்டிட்டு மத்த மூணையும் வேகமா ஓட்டிப் பாருங்க சார், அப்புறமா பேசுவோம்" என்றேன். மன்றமே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. ஃபைலை மூடி மேசையின் இடது பக்கம் வைத்தார். அங்கே போன ஃபைல் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்போதும் நான் கவலைப்படவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது உண்மை, உண்மைக்கு எதற்கு உறை போட வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் ஃபிட்டர் அண்ணன்தான், "நீ சொன்னது கரெக்டுதான்பா. ஆனா உன் கரெக்டால மேல்தெருவுக்கு ஒரு சொம்புத் தண்ணி ஏறலியே" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அம்மா அதற்குள் போதகரிடம் போய் அழுதிருக்கிறாள். நம் சபையில் ஞாயிறுதோறும் யாராவது ஒருவர் எழுந்து, அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். போதகர் அந்த வாரத்துக்கு என் பேரைப் போட்டுவிட்டார்.

நான் நேரே போய்க் கேட்டேன். "பாஸ்டர், எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதை இல்ல. இல்லாதத இருக்குன்னு கடவுள்கிட்டயே சொல்லணுமா?"

"இருக்குன்னு சொல்லாதே. குடுன்னு கேளு," என்றார் அவர்.

கேட்கச் சொன்னார், கேட்டேன். இதுதான் அக்கா நான் செய்த குற்றம். ஒரு இயந்திரம் பழுதானால் நாங்கள் அறிக்கை எழுதுகிற முறை ஒன்று உண்டு: எங்கே பழுது, என்ன காரணம், என்ன செய்ய வேண்டும். எனக்கு வேறு விதமாக எழுத வராது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இப்படி ஜெபித்தேன்:

"பரலோகப் பிதாவே, எங்கள் நகர்மன்றத் தலைவருக்காக உம்மிடத்தில் வருகிறோம். அவருக்கு நீர் இரண்டு காதுகளைத் தந்திருக்கிறீர், அதற்காக நன்றி. அவற்றில் ஒன்றையாவது நீரேற்று நிலையத்தின் பக்கம் திருப்பியருளும். அவருடைய மேசையின் இடது பக்கத்தில், மேலிருந்து மூன்றாவதாக, பச்சை நாடா கட்டிய ஃபைல் ஒன்று இருக்கிறது, நீர் அறியாததல்ல. அதன் நான்காம் பக்கத்தில் இருபத்திரண்டு கிலோவாட் என்று கேட்டிருக்கிறோம். பதினைந்து போதும் என்று யாராவது அவருக்கு யோசனை சொன்னால் அந்த யோசனையை அவமாக்கிப்போடும். கையெழுத்து, தேதி, முத்திரை மூன்றையும் ஒரே நாளில் இடுவதற்கு வேண்டிய பெலனை அவருக்குத் தாரும். ஆமென்."

சபை ஆமென் சொல்லவில்லை. ஒரே ஒருவர்தான் சொன்னார், கனமான குரல். கண்ணைத் திறந்தேன். முதல் வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில், தலைவர். இன்னும் கண்ணை மூடியபடிதான் இருந்தார். எந்தத் தலைவருக்காக ஜெபிக்கிறோமோ அவருக்குப் போதகர் ஒவ்வொரு தடவையும் அழைப்புக் கடிதம் போடுவாராம். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் வந்ததில்லை என்பதால் எனக்குச் சொல்லத் தோன்றவில்லையாம். மனுஷன் நம் சபைக்காரரும் இல்லை, அழைத்தார்களே என்று வந்திருக்கிறார், நான் எழுந்து கண்ணை மூடிய பிறகு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா முகத்தைப் பாட்டுப் புத்தகத்தால் மூடிக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்து வாசலில் அவர் என்னை நிறுத்தினார். ஓடலாம் என்றால் வழியில் குடை மாட்டுகிற ஸ்டாண்டு.

"தம்பி, எனக்காக யாரும் இவ்வளவு விவரமா வேண்டிக்கிட்டதில்ல," என்றார். "காதப் பத்திச் சொன்னீங்களே. எனக்கு வலது காது கேக்காது. வெளிய சொல்லிக்கிறதில்ல. அன்னைக்கு நீங்க வலது பக்கமா நின்னு பேசினீங்க. எனக்குப் பாதிக்கு மேல வந்து சேரல. கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் ஏதோ ஒரு கேள்வி கேட்டு வெச்சேன்." பிறகு, "எல்லாரும் சிரிச்சது மட்டும் நல்லாக் கேட்டுச்சு," என்றார்.

அக்கா, அவரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்றேன். "சார், அன்னைக்கு நான் சொன்ன கணக்கு சரி. சொன்ன விதம் தப்பு. மன்னிச்சிடுங்க," என்றேன். "கணக்கு சரிங்கிறத விட மாட்டேங்கிறீங்க," என்றார். "அது சரியாத்தானே சார் இருக்கு," என்றேன். அம்மா பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள்.

வாசலில் கேட்ட மன்னிப்பு போதாது என்று எனக்கே பட்டது. நாலு பேர் முன்னால் உடைத்ததை நாலு பேர் முன்னால்தான் ஒட்ட வேண்டும். அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுந்து, தலைவரை நான் பேசியது முறையல்ல என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். சக்கரம் என்ற வார்த்தையை எடுத்ததும் இரண்டு பேர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்கள். "சிரிக்காதீங்க, நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்று அதட்டிவிட்டேன், அது கணக்கில் சேராது. பிறகு இடது பக்கம் நின்று முதலிலிருந்து விளக்கினேன். இந்த முறை அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் நெற்றியடி. ஒன்றுக்கு எனக்கே பதில் தெரியாமல் ஃபிட்டர் அண்ணனைக் கேட்டுச் சொன்னேன். முகஸ்துதி எதுவும் செய்யவில்லை, நீ பயப்படாதே. பம்ப்மேல் தன் பெயர்ப்பலகை வைக்கலாமா என்றார். "பம்ப் அதிரும் சார், உங்க பேரு கழண்டு விழுந்துடும். சுவத்துல வெக்கலாம்," என்றேன். யோசித்து, சுவரும் வேண்டாம் என்றுவிட்டார். கையெழுத்து, தேதி, முத்திரை மூன்றும் அன்றே விழுந்தன.

பம்ப் வந்து இறங்கிவிட்டது. இன்று மதியம் தலைவர் பொத்தானை அழுத்துகிறார், மேல்தெரு முழுக்க வரப்போகிறது. வயரிங் முழுவதும் என் கையாலேயே கொடுத்தேன். ஃபிட்டர் அண்ணன் ஒருதடவை சரிபார்க்கட்டுமா என்றார், அவசியமில்லை என்றேன். பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதைத்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, அதுவும் ஆயிற்று. வேலையில் என்னிடம் யாரும் குறை சொன்னதில்லை, சொல்லவும் வழியில்லை. ஆகவே அம்மா பேச்சைக் கேட்டு என்னைப் பற்றிக் கவலைப்படுவதை இத்துடன் நிறுத்திக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும், குழாயில் வரும் தண்ணீரையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புத் தம்பி.

பின்குறிப்பு: காலையில் எழுதிய கடிதத்தை மாலையில் ஒட்டுகிறேன். தலைவர் பொத்தானை அழுத்தினார், மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. மேல்தெருவே வாளியோடு நின்றது. நான் கால்மணி நேரம் குழாயில் காற்று அடைத்திருக்கிறது, வால்வு சரியில்லை, தயாரித்தவன் சரியில்லை என்று சத்தமாகப் பிரசங்கம் செய்தேன். தலைவர் என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சார், எனக்கு மெஷினப் பத்தி ஒண்ணும் தெரியாது. உறை மேல ஒரு அம்புக்குறி போட்டிருக்கு. மோட்டார் அதுக்கு எதிரா சுத்துற மாதிரித் தெரியுது. அது அப்படித்தான் இருக்கணுமா?" என்றார். என்னை முதல்தடவையாக சார் என்றார். இரண்டு வயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருந்தேன் அக்கா, முதல் வருஷ மாணவன் செய்கிற தப்பு. சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, காற்று போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம், அவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். முதலில் மோட்டாரை அணைத்தேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "வயரத் தப்பாக் குடுத்தது நான்தான், தலைவர்தான் கண்டுபிடிச்சார்," என்று சொல்லிவிட்டேன். வயிறு நோகச் சிரித்தார்கள். மேலே என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்டதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. தண்ணீர் மேல்தெருவின் கடைசி வீடுவரை ஏறிவிட்டது.