சுவரில் நான் தொங்கிய கதை

அன்பும் தாராளமும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கு நான் சுகம், உங்கள் அக்கா சுகம், சுவரும் சுகம். அங்கு நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அதேபோல் உறுதியாக இருக்க வேண்டுகிறேன்.

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் நீங்கள் அனுப்பிய டிவி வந்து சேர்ந்தது. டிவி என்றா சொன்னேன், கதவு. அதைப் படுக்கவைத்தால் நாங்கள் நிற்க வேண்டும், கூடம் அவ்வளவுதான். ஆகவே சுவரில் மாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு சுவரில் வாசல், ஒன்றில் ஜன்னல், ஒன்றில் பீரோ. மிச்சமிருந்த சமையலறைச் சுவரை, மாட்ட வந்த ஆள் விரலால் தட்டினார். அது காலி டின் மாதிரி பதில் சொன்னது. இது சுவரே இல்லை, இரண்டு பக்கமும் அட்டை அடித்துச் சாயம் பூசிய தடுப்பு, மாட்டினால் டிவியோடு இதுவும் இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டு வந்த வேகத்தில் போய்விட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் உங்கள் அத்தானா? பக்கத்து வீட்டில் துளைபோடும் மெஷினை இரவல் வாங்கிவந்து, பாறையைப் பிளக்கிறவன் போல மூச்சைப் பிடித்து அழுத்தினேன். அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கி, என் மூக்கு சுவரில் மோத, முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அங்கே உங்கள் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாராக இருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "மெஷினைக் கீழ வச்சிட்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். தள்ளி நின்றேன். இன்றுவரை அப்படித்தான் நிற்கிறேன்.

பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்து சுவர்மேல் மெல்லத் தேய்த்துக்கொண்டே போனாள். அது ஒட்டிய இடமெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தாள். அட்டையை எதிலாவது திருகித்தானே நிறுத்தியிருப்பார்கள், காந்தம் ஒட்டினால் உள்ளே திருகாணி, திருகாணிக்குப் பின்னால் மரச்சட்டம். எங்கே கற்றாய் என்று கேட்டேன். "எங்கயும் இல்ல. அட்டை எதைப் புடிச்சிட்டு நிக்குதுன்னு யோசிச்சேன்" என்றாள். அந்தச் சுவரைப் பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கும் எனக்கு அந்த யோசனை வரவில்லை பாருங்கள். பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகையை அறுத்து, சட்டத்துக்குச் சட்டம் குறுக்கே வைத்து, நீளத் திருகாணிகளால் முறுக்கினாள். அதன்மேல் டிவியைத் தாங்கும் இரும்புச் சட்டகம்.

"டிவிய மாட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ தொங்கிப் பாருங்க" என்றாள். நான் டிவியைவிட இரண்டு மடங்கு கனமாம்; விழுந்தால் உடையவும் மாட்டேனாம். முழங்காலை மடக்கித் தொங்கினேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்து நின்றார். சுவரில் ஓர் ஆணி அடித்தால்கூட மறுநாளே காலி செய்ய வேண்டும் என்று சொல்லி வீடு கொடுத்த மனிதர். எனக்குத் தரை ஓர் அடி கீழேதான் இருக்கிறது என்பதே மறந்துபோய், இறங்கத் தெரியாமல் தொங்கிக்கொண்டே கும்பிடப் பார்த்தேன். உங்கள் அக்கா அவருக்கு நாற்காலி போட்டு, பென்சிலால் தொட்டுத் தொட்டு எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் எழுந்து தோளால் சுவரை முட்டினார். முன்பெல்லாம் கதவைச் சாத்தினாலே நடுங்கும் சுவர், அசையவில்லை. ரொம்ப நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "மாடியிலயும் இதே மாதிரி செவுருதாம்மா. ஒரு நாள் வந்து பாக்கறீங்களா?" என்றார்.

டிவி இப்போது நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. அக்கா டிவியைப் பார்க்கிறாள். நான் அக்காவைப் பார்க்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. வயதும் வாழ்வும் வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வீட்டுக்காரர் மறுபடி வந்தார். இவ்வளவு பலமான சுவர் உள்ள வீட்டைத் தன் மகளுக்கே கொடுக்க ஆசைப்படுகிறாராம்; நாங்கள் காலி செய்ய வேண்டுமாம். உங்கள் அக்கா, சரி, பலகையைக் கழற்றிக்கொண்டு போகிறோம் என்று திருப்புளியை எடுத்தாள். "அத எடுத்தா செவுரு நிக்குமாம்மா?" என்று கேட்டார்.

"பலகைதான் எங்களோடது. செவுரு உங்களோடது" என்றாள்.

அவர் இன்னும் கூடத்தில்தான் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்.