மூன்று நாள் குளிக்காத வீடு

மீன்குஞ்சு பொரிப்பகத்தில் காற்று மோட்டார் நின்றுபோனது. மேஸ்திரி விடுப்பில் இருந்தார். மிச்சமிருந்தவர் குமாஸ்தா மட்டுமே. அவர் மீனைத் தட்டில் மட்டும் சந்தித்தவர்.

"முட்டைக்கு மூச்சு முட்டும் சார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில விடுங்க. தண்ணி சில்லுனு இருக்கக் கூடாது. காத்து போய்க்கிட்டே இருக்கணும்" என்றார் மேஸ்திரி போனில்.

முட்டை கெட்டால் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார். குமாஸ்தா வாளியோடு வீட்டுக்கு ஓடி, குளியலறைத் தொட்டியில் முட்டைகளை விட்டார்.

"குஞ்சு பொரியற வரைக்கும், மூணு நாளைக்கு யாரும் குளிக்கக் கூடாது."

"உங்களுக்கு அது பழக்கம். நாங்க என்ன பண்றது?" என்றாள் மனைவி. ஆனாலும் மனசு கேட்காமல், தண்ணீர் சில்லென்றிருக்கிறதே என்று ஒரு குடம் வெந்நீரை ஊற்றினாள். பாதி முட்டை வெளுத்துப்போனது.

மறுபடியும் போன்.

"வெளுத்தது செத்தது சார். பொறுக்கி எறியுங்க, இல்லேன்னா மத்ததும் கெட்டுடும்."

பொறுக்க மாமியார் முன்வந்தார். கண்ணாடியைத் தேடப் பொறுமையில்லாமல் கரண்டியோடு உட்கார்ந்தார்.

"முடிஞ்சது மாப்பிள்ளை. இப்ப இருக்கறதெல்லாம் முத்து மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு."

குமாஸ்தாவுக்குத் தலை சுற்றியது. எறிந்ததைத் துழாவியதில் ஒரு கைப்பிடி நல்ல முட்டை தேறியது; அதை மறுபடி தொட்டியில் விட்டார். அதற்காவது காற்று வேண்டுமே என்று மச்சினன் வாயில் ரப்பர் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். அவனுக்கோ ஜலதோஷம். நாலு ஊதல், ஐந்தாவது தும்மல். பாதித் தண்ணீர் சுவரில்.

"போதும் மச்சான். அது அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்று அவன் படுத்துவிட்டான்.

அப்படியே விட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, குமாஸ்தா ஒற்றைக் கண்ணால் கதவிடுக்கில் பார்த்தார். தொட்டி முழுக்க நெளிநெளியென்று உயிர். அழுதேவிட்டார்.

முதலாளி விழுந்தடித்து வந்தார். மாமனார் அவருக்குப் பொரிப்பகத்தைக் கொடுத்தாரே தவிர, மீனைப் பற்றி எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"தலைகீழா நின்னு வித்தை காட்டுதுய்யா. என்ன சுறுசுறுப்பு. இனிமே மேஸ்திரி வேலையும் உனக்குத்தான்."

வீடே கைதட்டியது. அந்த நேரம் பார்த்து, வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகளைச் சோதிக்கும் சுகாதாரப் பணியாளர் அம்மா உள்ளே வந்தார். தொட்டிக்குள் டார்ச் அடித்தார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"கொசுப்புழுவை ஒளிச்சு வைக்கிற வீடுங்களைத்தான் இத்தனை வருஷமாப் பாத்திருக்கேன், அதுக்குப் பதவி உயர்வு குடுக்கற வீட்டை இன்னிக்குத்தான் பாக்கறேன்."