ஒரு விரலும் ஒல்லாந்துச் சொல்லும்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: மணவறையில் என் மகள் துளசி. மாப்பிள்ளை பிராம், ஒல்லாந்துப் பெடியன். ஐயர். என் மனைவி ராணி. பக்கத்தில் தவிலோடு குகன் அண்ணை. முன்வரிசையில் பிராமின் தாய் ஹெனி. அவருக்குப் பின்னால் ஸ்காபரோவில் அரைவாசி. கடைசியாக, மைக்குடன் நான். (அந்த மைக்கை என் கையில் தந்தவனை இன்னும் தேடுகிறேன்.)

எனக்குப் பேச வராது. வீடுகளுக்கு லாமினேட் தரை போடுகிறவன். பலகை பேசாது. நானும் பேசுவதில்லை.

ஆனால் ஹெனி வந்து மூன்று நாளாகியும் சிரிக்கவில்லை. பிராம் ஒரே பிள்ளை. அவன் இனி ரொறன்ரோவில். டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்தார், தோசையைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டார், நன்றி சொன்னார், போனார். துளசி குசினியில் நின்று அழுதாள்.

“அப்பா, தன்ரை மகனை நான் பறிச்சுப்போட்டன் எண்டு நினைக்கிறா போல.”

“அவவின்ரை பாசையிலை ஒரு சொல்லுச் சொல்லித்தா. சபையிலை வைச்சுச் சொல்லுறன்.”

“தமிழிலையே நாலு சொல்லுச் சேத்துக் கதைக்காத மனுசன்!” என்றாள் ராணி.

துளசி தந்த சொல்: ஸ்ஹோன்ஃபாமிலிஃபேஸ்ட். சம்பந்திமார் கூடும் கொண்டாட்டமாம். எனக்கு விக்கல் வந்தது.

“பயப்பிடாதேங்கோ. உது மூண்டு சொல்லு. இடைவெளி விடாமல் கொழுவியிருக்கு. முதல் கொழுவின இடத்திலை கழட்டுங்கோ.”

“லாமினேட் மாதிரியோ?”

“ஓம், அதேதான். ஸ்ஹோன், ஃபாமிலி, ஃபேஸ்ட். பிறகு நடுவிலை கிடக்கிறதை மூண்டாய் வெட்டுங்கோ. ஃபா, மி, லி.”

மொத்தம் ஐந்து துண்டு. ஸ்ஹோன் என்றால் அழகு என்றும் பொருள் உண்டாம். அவர்களுக்குச் சம்பந்தி வீடு அழகான குடும்பம். (எங்கள் ஆட்கள் சம்பந்தியை என்னவெல்லாம் சொல்வார்கள் என்று எழுதினால் கலியாணங்கள் குழம்பும்.)

வாய்க்கு அது பிடிபடவில்லை. கைக்குப் பிடிபட்டது. சுட்டுவிரலால் காற்றில் ஒரு தட்டு, வாயில் ஒரு துண்டு. வேலை வாகனத்தில் தட்டினேன், பார்க்கிங்கில் தட்டினேன், லிஃப்டிலும் தட்டினேன். லிஃப்டில் நின்ற பெண்மணி தன் மாடி வருமுன்பே இறங்கிப் போய்விட்டார்.

கலியாண நாள். நல்ல நேரம் தொடங்க இன்னும் பத்து நிமிடம் கிடந்தது. அதுவரை பெண்ணின் அப்பா வரவேற்கட்டும் என்றார்கள். தாலிக்கொடியை எப்படிப் பிடிப்பது என்று ஐயர் பிராமுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். துளசி அவனுக்குச் சொல்லிவைத்த பாடம் ஒன்றே ஒன்று: மேளம் வேகமாக அடித்தால் கட்டு.

நான் ஹெனியைப் பார்த்தேன். சுட்டுவிரலை உயர்த்தினேன்.

“ஸ்ஹோன்...” ஒரு தட்டு. “ஃபா...” ஒரு தட்டு. “மி...”

மணவறையில் நின்று சுட்டுவிரலை ஆட்டினால் என்ன அர்த்தம் என்று எங்கள் சின்னப்பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் நினைவில்லை. குகன் அண்ணைக்கு நினைவிருந்தது. கெட்டிமேளம் கொட்டினார்.

அரிசியும் பூவும் பறந்தன. பிராம் சொல் தவறாத பிள்ளை. கட்டினான். கொடியின் சுரையாணியையும் திருகிப் பூட்டிவிட்டான்.

“ஐயோ, நல்ல நேரம் தொடங்கேல்லை!” என்று ராணி கத்தினாள்.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ!” இது ஐயர்.

“உவர்தானே விரலைக் காட்டினவர்!” என்றார் குகன் அண்ணை.

மேளம் நின்றது. மண்டபம் என்னைப் பார்த்தது. துளசி நிலத்தைப் பார்த்தாள். ஹெனி எழும்பி மணவறைக்கு வந்தார். தன் சுட்டுவிரலை உயர்த்தி, ஆட்டி, ‘இதற்குத்தானா?’ என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

குகன் அண்ணை திரும்பவும் கொட்டினார்.

மிச்ச அரிசியும் பறந்தது. ஹெனி தவிலைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணால் தண்ணீர் வர, துளசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். துளசியும் சிரித்தாள்.

“ரெண்டாம் மேளத்துக்கு நல்ல நேரம் தொடங்கியிட்டுது. அதையே கணக்கிலை எடுப்பம்,” என்றார் ஐயர், மணிக்கூட்டைப் பார்க்காமலே.

இப்போது ஹெனி ஒவ்வொரு கோடைக்கும் வருகிறார். தோசையைக் கையால் பிய்த்துச் சாப்பிடுகிறார். வாசலில் என்னைக் கண்டதும் விரலை உயர்த்துவார். உள்ளே பேத்தி சட்டியில் மேளம் கொட்டுவாள். நான் எந்தச் சபையில் எழும்பினாலும் ராணி என் வலக்கையைப் பிடித்துக்கொள்வாள்.

அந்தச் சொல்லை நான் இன்னும் முடிக்கவில்லை. ஹெனி முதலில் பழகிய தமிழ்ச் சொல்லே ‘மிச்சம்’தான். வரும்போதெல்லாம் கேட்பார்.

“மிச்சம்?”

இரண்டு துண்டு.